ஈரத்துக்குக் கழிக்காத தராசு

ஐம்பத்திரண்டு வயதில், நுவரெலியாக் குளிரில், முன்பின் தெரியாத ஒரு கூட்டத்துக்கு முன்னால், வெறும் பனியனோடு ஒரு தராசின் மேல் ஏறி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். காற்சட்டை போட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எங்கள் ஊரான ஹட்டனுக்கு வந்து சேர்ந்தபோது அதுவும் கழன்று போயிருந்தது. மூச்சைப் பிடித்தால் எடை குறையாது என்பது எனக்குத் தெரியாததல்ல. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். திணிவும் நிறையும் என்ற பாடத்தை வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவன். அன்றைக்கு அந்தப் பாடம் எனக்கு உதவவில்லை. பிள்ளைகளுக்கும் அது உதவியதாக இதுவரை தகவல் இல்லை.

தராசுக்குப் பக்கத்தில் என் கோட்டையும் இரண்டு சுவெட்டரையும் சுமந்துகொண்டு என் மகள் நின்றாள். பதின்மூன்று வயது. மறுநாள் இரவு அவள் இங்கிலாந்துக்குப் போகிறாள்.

அவளுடைய அம்மாவும் நானும் பிரிந்து சில வருஷங்கள் ஆகின்றன. பெரிய சண்டை ஒன்றுமில்லை. இரண்டு பேருமே நல்லவர்கள் என்று ஊரே சொன்னது. நல்லவர்கள் இரண்டு பேர் ஒரு வீட்டில் இருப்பதில் உள்ள கஷ்டம் ஊருக்குத் தெரியாது. பிறகு அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்து இங்கிலாந்துக்குப் போனாள். மகள் என்னோடு இருந்தாள். இப்போது மகளுக்கும் விசா வந்துவிட்டது. அங்கே நல்ல பாடசாலை, அம்மா, தனி அறை. இங்கே நான். எந்தப் பக்கம் கனம் அதிகம் என்று கண்டுபிடிக்கத் தராசு வேண்டியதில்லை. சந்தோசமாகச் சம்மதித்தேன். குறைந்தபட்சம், சந்தோசமாக இருப்பது போன்ற முகத்தோடு சம்மதித்தேன்.

அவள் போவதற்கு முன் எனக்கு ஒரேயொரு காரியம் பாக்கி இருந்தது.

நுவரெலியாவிலிருந்து ராகலைக்குப் போகிற பாதையில், முன்பு தேயிலை இருந்த ஒரு சரிவில் பெரிய பூங்கா ஒன்று இருக்கிறது. ராட்டினம், குட்டி ரயில், அன்னப்பறவைப் படகு எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில், கம்பிச் சவாரி. பள்ளத்தாக்கின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இரண்டு கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆளை வாரால் கட்டித் தொங்கவிட்டுத் தள்ளிவிட்டால், கீழே தேயிலை ஓட, மேலே ஆள் பறக்கலாம். முன்பெல்லாம் தோட்டத்தில் கொழுந்து மூட்டையை இப்படித்தான் மலையிலிருந்து ஃபேக்டரிக்குக் கம்பியில் விடுவார்கள். மூட்டை அதற்குக் காசு கொடுத்ததில்லை.

மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது முதன்முதலாக அங்கே போனோம். கம்பியைப் பார்த்த கணத்திலிருந்து அவளுக்கு அது வேண்டும். முப்பத்தைந்து கிலோவுக்குக் குறைந்தவர்களை ஏற்ற மாட்டார்கள். அழுதாள். "நீ வளந்ததும் நீயும் நானும் சேர்ந்து போவோம். நீ இந்தக் கம்பி, அப்பா அந்தக் கம்பி" என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பர் விடுமுறையிலும் போவோம், அவள் தராசில் ஏறுவாள், எடை போதாது, இறங்குவாள். ஒன்பது வயதில் ஒரு தடவை ஜேபி நிறையக் கல்லைப் போட்டுக்கொண்டு ஏறினாள். அங்கே எடை பார்க்கிறவர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. நாற்பது வருஷம் தோட்டத்தில் கொழுந்து நிறுத்தவர். அவளைக் கீழிருந்து மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

"கூடைக்கு அடியில கெடந்த கல்லையே கண்டுபிடிச்சவன் நானு. ஜேபியில கெடக்கிறதா தெரியாது? கொட்டும்மா."

கொட்டினாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம். இப்போது அவள் முப்பத்தெட்டு கிலோ. இனி அடுத்த வருஷம் இல்லை. மறுநாளிலிருந்து நான் கைத்தொலைபேசிக்குள் அடங்குகிற அப்பா. அதற்கு முன் இந்த ஒரு வாக்கையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

தடை அவள் பக்கம் இல்லை என்று எனக்கு ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும். கம்பிக்கு மேல் எல்லையும் உண்டு: தொண்ணூறு கிலோ. ஹட்டனில் மருந்துக்கடைத் தராசில் ஏறிப் பார்த்துவிட்டு, இராச்சோற்றை நிறுத்தினேன். சீனியை நிறுத்தினேன். காலையில் ஸ்டேஷன் வரை நடந்தேன். ஒரு வாரத்தில் ஸ்டேஷன் நாய்கள் என்னை ஊழியராக ஏற்றுக்கொண்டன. உடம்பு கொஞ்சம் இறங்கியது.

அப்புறம் விருந்துகள் ஆரம்பித்தன. எங்கள் பக்கத்தில் யாராவது வெளிநாட்டுக்குப் போனால், தெரிந்த வீடெல்லாம் கூப்பிட்டுச் சோறு போடாமல் அனுப்ப மாட்டார்கள். போகிற பிள்ளை கோழிக் காலைக் கொறித்துவிட்டு எழுந்துவிடும். "அவதான் சின்னப் புள்ள, நீங்களாவது நல்லாச் சாப்பிடுங்க சேர்" என்று மீதியெல்லாம் என் இலைக்கு வரும். மறுத்தால், பிள்ளை போகிற கவலையில் சாப்பிட மாட்டேன் என்கிறேன் என்று நினைத்து, கண்கலங்கி இன்னும் இரண்டு கரண்டி வைப்பார்கள். பொகவந்தலாவையில் ஒரு வீட்டில் மட்டும் மூன்று வகை இறைச்சி. என் மகளை அவர்கள் வழியனுப்பினார்கள். அந்த எடை முழுதும் என்னிடம் தங்கிவிட்டது.

அன்று காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டோம். ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டி எடுத்திருந்தேன். நான் தொடவில்லை.

"ஏன்ப்பா சாப்பிடல?"

"பசிக்கல."

"ஒங்களுக்கா?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, என் பங்கையும் தின்றாள். அவளுக்குக் காரணம் தெரியாது. தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

தூறல். பூங்காவில் கூட்டம் குறைவு. இந்த வருஷம் பூங்காவைப் புதிதாக அலங்கரித்திருந்தார்கள். முன்பு பொதுவாக ஒரு பூங்காவாக இருந்தது, இப்போது முழுக்க முழுக்கத் 'தேயிலைத் தோட்டம்' ஆகிவிட்டது. அதாவது, நாங்கள்தான் வேடிக்கைப் பொருள். வாசலில் வீடு உயரத்துக்கு ஒரு தேநீர்க் கேத்தல். அதைத் தாண்டினால், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயம் ஒன்று கட்டி, இளஞ்சிவப்புச் சாயம் பூசி, ஒவ்வொரு காம்பரா அறையிலும் ஒரு கடை. நான் பிறந்தது இப்படியொரு லயத்தின் நாலாவது காம்பராவில். இங்கே நாலாவது காம்பராவில் ஐஸ்கிரீம் விற்றார்கள்.

"ஒங்க வீட்டுல ஐஸ்கிரீம் விக்கிறாங்கப்பா" என்றாள் மகள்.

"எங்க வீட்டுல இவ்வளவு வெளிச்சம் இல்ல."

ஒரு மூலையில் வெளிநாட்டுப் பெண்கள் தலையில் கயிற்றை மாட்டி, முதுகில் கூடையைத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மா அந்தக் கூடையைக் கழற்றி வைப்பதற்காகத்தான் என்னைப் படிக்க வைத்தாள். மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீயும் படம் எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம். அங்க போயி இத நாங்க காட்டுனா நெசம்னு நெனச்சுக்குவாங்க" என்றாள். 'நாங்க' என்றதில் நான் இருந்தேனா, அவளும் அம்மாவுமா என்று கேட்கவில்லை.

ராட்டினம் வேண்டாம் என்றாள். படகும் வேண்டாம். "நேரா மேல போவோம்."

கம்பிச் சவாரி தொடங்குகிற கொட்டகையைக் கொழுந்து மடுவம் மாதிரியே கட்டியிருந்தார்கள். மடுவத்தில்தான் பெண்கள் பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுப்பார்கள். கணக்கப்பிள்ளை கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மீதியைப் பதிவார். அந்தக் கழிவைப் பற்றிய புலம்பலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எந்தத் தராசும் எங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும் என்பது எங்களுக்குப் பாலோடு புகட்டப்பட்ட செய்தி. அதே மடுவத்தில், அதே கணக்கப்பிள்ளை, தொப்பி போட்டு நின்றிருந்தார்.

"அட, கல்லுக்காரப் பாப்பா! ஏறும்மா. முப்பத்தெட்டு. இந்தா, போகலாம். சேர், நீங்க?"

ஏறினேன்.

"தொண்ணூத்தி நாலு. தொண்ணூறுதான் சேர் விடலாம்."

"கோட்டு நனைஞ்சிருக்கு ஐயா. ஈரத்துக்குக் கழிங்க."

"கொழுந்துக்குத்தான் ஈரம் கழிக்கிறது. மனுசனுக்கு இல்ல."

"நாப்பது வருசமா எங்க ஆளுகளுக்குக் கழிச்சீங்களே, இன்னைக்கு ஒரு நாளு நானே கேக்குறேன், கழிச்சா என்ன? கூடைக்காவது கழிங்க."

"எங்க கூடை?"

வயிற்றைத் தட்டிக் காட்டினேன். வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள்: "அண்ணே, அது கூடையில்ல. அது அம்புட்டும் கொழுந்து!"

வரிசை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன், பழகிய தொழில். கோட்டைக் கழற்றினேன். தொண்ணூற்று மூன்று. கழிப்பறைக்குள் போய் இரண்டு சுவெட்டரையும் சட்டையையும் கழற்றி, சப்பாத்தையும் பெல்ட்டையும் உருவி, சாவிக் கொத்து, பணப்பை, கண்ணாடி எல்லாவற்றையும் மகள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். கண்ணாடி இல்லாததால் கூட்டத்தின் முகங்கள் தெரியவில்லை. அது ஒரு ஆறுதல். ஏறி நின்று மூச்சைப் பிடித்தேன்.

கணக்கப்பிள்ளை குனிந்து பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

"தொண்ணூத்தி ஒண்ணு."

"ஒரு கிலோதானே ஐயா."

"ஒரு கிலோதான்."

"ஒரு கிலோவுக்கா…" குளிரில் பல் அடித்துக்கொண்டது. "இவ நாளைக்குப் போறா ஐயா. வெளிநாட்டுக்கு. சேர்ந்து போறதா ஏழு வருசமாச் சொல்லி வச்சிருக்கேன்."

வரிசையில் சிரிப்பு நின்றது. சிரிப்பே தேவலை என்றிருந்தது. கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். அவர் முகமும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

"சேர், கம்பிக்கு அதெல்லாம் தெரியாது" என்றார், மெதுவாக.

அப்போது மகள் கண்ணாடியை என் கையில் வைத்தாள். பிறகு சட்டையைத் தலைவழியே மாட்டிவிடப் பார்த்தாள், எட்டவில்லை, நான் குனிந்துகொடுத்தேன்.

"போதும்ப்பா. நான் தனியாப் போறேன்."

கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அவள் அம்மா ஒரு தடவை இதே குரலில் இதே மாதிரி ஒரு வாக்கியம் சொன்னது ஞாபகம் வந்தது. அப்போதும் நான் வாதாடவில்லை.

பக்கத்துக் கம்பியில் கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பத்துப் பெண், இவள் வயது, ஏறினாள். இரண்டு பேருக்கும் ஹெல்மட் மாட்டி, வாரை இழுத்துக் கட்டினார்கள். இந்த இடத்தில் சொல்வதற்கு என்று நான் ஒரு வாக்கியம் தயார்செய்து வைத்திருந்தேன். பறக்கும்போது பக்கத்திலிருந்து, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்று திட்டம். அப்பா நல்லாத்தான் இருப்பேன், நீ என்னைப் பற்றி யோசிக்காதே, அந்த மாதிரி. பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவன் என்பதால் மூன்று தடவை திருத்தி எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். கதவைத் திறந்தார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"ஜாக்கெட் சிப்ப இழுத்து விடு! காத்து அடிக்கும்!"

அதற்குள் அவள் போய்விட்டாள். கம்பி ஒரு இரைச்சல் இரைந்தது. சிவப்பு ஜாக்கெட் தேயிலைக்கு மேலே சின்னதாகி, பனிமூட்டத்துக்குள் நுழைந்து, கொஞ்ச நேரம் ஒரு நிறமாக மட்டும் இருந்து, அப்புறம் அதுவும் இல்லை. கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கரையிலிருந்து ஆட்களை வேனில் சுற்றிக் கொண்டுவந்து விடுவார்கள். அதுவரை காத்திருக்க வேண்டும். சட்டையை உள்ளே செருகினேன். பெல்ட்டைப் போட்டேன். ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொள்ள நல்ல நேரம் இருந்தது. பெண்கள் கூடையை மாட்டிக் கழற்றும் மூலையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. என் சப்பாத்துக்குள் மழை பெய்திருந்தது.

வேனிலிருந்து இறங்கும்போது அந்தச் சிங்களப் பிள்ளையும் இவளும் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிங்களத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். இவளுடைய கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. என்னைக் கண்டதும் அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் மடித்து வைத்தாள். அதை அவள் செய்யாமல் இருந்திருக்கலாம்.

"என்னமோ கத்துனீங்களே, என்னாப்பா?"

"ஒண்ணுமில்ல. சிப்ப இழுத்துவிடச் சொன்னேன்."

"இழுத்துத்தான இருந்துச்சு."

"ஆமா."

திரும்பும்போது ஜன்னலோரம் என்னை உட்காரச் சொன்னாள். அது எப்போதும் அவளுடைய இடம். அவித்த சோளம் ஒன்றை இரண்டாக உடைத்து எனக்குப் பெரிய பாதியைக் கொடுத்தாள்.

"இப்பச் சாப்பிடலாம்ப்பா. எடை பாத்து முடிஞ்சிருச்சு."

அப்படியானால் ரொட்டி விஷயம் அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. சாப்பிட்டேன். நானுஓயா தாண்டியதும், நான் தூங்குகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"அந்தத் தராசு பிழையா இருக்கும்ப்பா."

மறுநாள் கட்டுநாயக்காவில் இன்னொரு தராசு. அவளுடைய பெட்டி அதற்கும் கனம் கூடிவிட்டது. விருந்து வைத்த வீடுகளெல்லாம் ஆளுக்கொரு பார்சல் தந்திருந்தார்கள். கூடப் போகிற அவளுடைய சித்தி அவசரப்படுத்த, விமான நிலையத் தரையில் பெட்டியைத் திறந்து வைத்து, மிளகாய்த்தூள், தேயிலை, முறுக்கு, எள்ளுருண்டை என்று நானே ஒவ்வொன்றாகக் கழித்தேன். இந்த முறை கழிவு சரியாக வந்தது. பெட்டி போனது, சித்தி போனாள், அவள் போனாள். கழித்ததையெல்லாம் ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்கு வந்தேன். அந்த முறுக்கை முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. தனியாக முறுக்குத் தின்றால் வீட்டில் எவ்வளவு சத்தம் கேட்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள். அங்கே குளிர், பாடசாலை பரவாயில்லை, அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள். இங்கே மழை, பாடசாலை பரவாயில்லை. இதற்குமேல் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாதபோது, நான் தராசுப் பேச்சை எடுப்பேன். அந்தத் தராசு பிழை என்பது எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு சொத்தாக ஆகிவிட்டது. தரை சமமில்லை என்பேன். தூறலில் உள்ளே துருப்பிடித்திருக்கும் என்பாள். ஒரு விஞ்ஞான ஆசிரியராக, ஈரப்பதம் தராசுகளைப் பாதிக்கும் விதம் பற்றி நான் சொன்னதையெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் தேட வேண்டாம். அவள் சிரிப்பாள். எனக்கு அது போதும். ஒரே ஒரு கிலோ. அந்த ஒரு கிலோ மட்டும் தராசின் பொய்யாக இருந்துவிட்டால், நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றக் கூடியவனாகத்தான் அன்றைக்கு அங்கே நின்றேன் என்றாகிவிடும்.

போன வாரம் ஹட்டன் பஸ் நிலையத்தில் கணக்கப்பிள்ளையைப் பார்த்தேன். தொப்பி இல்லாததால் அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரமானது. தன் மகள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாராம். என் பாப்பா எப்படி என்று கேட்டார். சொன்னேன். பஸ் புறப்படப் போகிறது. கேட்டுவிடலாம் என்று கேட்டேன்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்தத் தராசு…"

"அட, ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். "பிழைதான் சேர். அதுக்கப்புறம் கண்டியில இருந்து ஆளு வந்து பாத்துட்டு, இது சரிவராதுன்னு புதுசு வச்சிட்டுப் போயிட்டான்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று அங்கேயே முதல் வாக்கியத்தை அமைக்கத் தொடங்கிவிட்டேன். "எவ்வளவு பிழை ஐயா?"

"மூணு கிலோ."

மூன்று! எனக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான். பஸ் நகர்ந்தது. கணக்கப்பிள்ளை மிதிபலகையில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"கொறச்சுக் காட்டியிருக்கு சேர்! நல்ல வேளை, அன்னைக்கு ஒங்கள ஏத்தல!"